மார்சியானோ தோத்ததே கெடையாது

தப்பா நெனைக்காதீங்க சார், உங்க போன எட்டிப் பாத்துட்டேன். டைசன்தான அது? சவுண்டு இல்லாமயே தெரியுது, அந்தக் கழுத்தப் பாத்தாப் போதும். இன்னா போட்ருக்கான், 'உலகத்துலயே பெரிய ஹெவிவெயிட் பாக்ஸர் பத்து பேரு'ன்னா? டைசன மொத ஆளா வெச்சிருக்கானா? அப்ப இந்த லிஸ்ட்ட போட்டவனுக்கு முப்பது வயசுகூட ஆயிருக்காது. கோச்சிக்காதீங்க சார். இருபது வயசுல பெல்ட்டு வாங்கினவரு, ஒத்துக்கறேன். எடுத்தவுடனே ஆளச் சாச்சிருவாரு, அதுவும் ஒத்துக்கறேன். ஆனா எதிராளி அஞ்சாறு ரவுண்டு தாண்டி நின்னுட்டா? டோக்கியோவுல இன்னா ஆச்சு? பத்தாவது ரவுண்டுல கீழ உழுந்து, பல்லுக்கு மாட்டற ரப்பரத் தேடிகினு தவழ்ந்தாரு. எனக்கே பாவமாப் போச்சு.

பக்கத்துல குந்தலாமா? உங்க டோக்கன் எவ்ளோ? அறுபத்தி நாலா? அப்ப நேரம் கெடக்குது. எங்க ஆளு உள்ள ஸ்கேன் மெஷின்ல படுத்துருக்கான். முக்கா மணி நேரம் ஆவுமாம். தனகோட்டின்னு பேரு. என் சிநேகிதன். கதவாண்ட பச்சப் பொடவ கட்டிகினு நிக்குதே, அது அவன் சம்சாரம் அம்சா. நான் பக்தவச்சலம். வியாசர்பாடி. எங்க ஏரியாவுல பக்தவச்சலம்னா யாருக்கும் தெரியாது, 'சாம்பியன் பக்தா'ன்னு கேளுங்க, வூட்டாண்ட கொண்டாந்து உட்ருவாங்க. எழுபத்தெட்டுலேருந்து எம்பத்தி மூணு வரைக்கும், ஆறு வருசம், ஸ்டேட் ஹெவிவெயிட் தங்கம் எனக்குத்தான்.

உள்ள இருக்கறவனுக்கு ஆறு வருசமும் வெள்ளி.

சிரிக்காதீங்க. அப்ப ஹெவிவெயிட்னா எம்பத்தோரு கிலோவுக்கு மேல. ரசஞ்சோறு தின்னு அந்த சைசுல எவன் இருப்பான்? மத்த எடையில எல்லாம் முப்பது பேரு, நாப்பது பேரு வருவான். ஹெவிவெயிட்டுக்கு ரெண்டே பேரு. நானும் தனகோட்டியும். நேரா ஃபைனல்தான்.

அவனுக்கு இன்னான்னா கேக்கறீங்க? கை நடுங்குது சார். அது மட்டும்னா பரவால்ல. சட்டைக்குப் பொத்தான் போட அர மணி நேரம். எறும்புக்கு வழி உட்டு நடக்கற ஆளு, இப்ப சோத்துத் தட்டத் தூக்கி அடிக்கிறான். அடிச்சிட்டு, யாரு அடிச்சதுன்னு அவனே கேக்கறான். அவனுக்கு லேட்டாப் பொறந்த ஒரே பொண்ணு, தமயந்தி. தை மாசம் கண்ணாலம். மாப்பிள்ள திருத்தணி பக்கம், நல்ல பையன்தான். அந்தப் பையனோட மாமா ஒருத்தன், மருந்துக்கடை வெச்சிருக்கானாம், தட்டு மாத்தறதுக்கு வந்த எடத்துல தனகோட்டியப் பாத்துட்டு, 'இது ரத்தத்துல வர்ற வியாதியாச்சே, அப்பனுக்கு வந்தா பொண்ணுக்கு வரும், அப்பறம் பேரனுக்கு வரும்'னு கொளுத்திப் போட்டுட்டுப் போயிட்டான். ஒலவாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? மாப்பிள்ள வூட்ல கட்டன் ரைட்டா சொல்லிட்டாங்க. பரம்பர வியாதி இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா கண்ணாலம். இல்லன்னா வேணாம். அந்தப் பொண்ணு பத்து நாளா சரியா சாப்பிடல.

அதுக்குத்தான் வந்திருக்கோம். காலைல டாக்டரம்மா கேட்டுச்சு. 'பாக்ஸிங் ஆடினாராமே, தலையில எவ்ளோ அடி பட்டிருக்கு, எத்தன தடவ நெனவு தப்பியிருக்கு?'ன்னு. அம்சாவுக்கு இன்னா தெரியும்? பொன்னேரியிலேருந்து தொண்ணூத்தி ஒண்ணுல வாக்கப்பட்டு வந்தது. அப்ப நாங்க கிளவுஸ கழட்டி எட்டு வருசம் ஆச்சு. அவனுக்கோ ஞாபகம் இல்ல. எங்களுக்கு பாக்ஸிங் சொல்லிக் குடுத்த மாஸ்டர் செத்து இருவது வருசம். அப்ப யாரு சொல்லணும்? நான்தான். சொன்னேன். 'ஆறு போட்டி டாக்டர். ரெண்டு தபா நெனவு தப்புச்சு.'

அந்தம்மா பேனாவ மூடிட்டு யோசிச்சுச்சு. 'ரெண்டு தடவைக்கெல்லாம் இவ்ளோ ஆவறது கஷ்டமாச்சே. அப்ப குடும்பத்துல யாருக்காவது இருந்துதான்னு பாக்கணும். பொண்ணுக்கும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துரலாம்'னுச்சு. அம்சா என் மூஞ்சியப் பாத்துச்சு. 'நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே'ன்னுச்சு. அதுக்குள்ள ஸ்கேனுக்குக் கூப்ட்டாங்க. முடிஞ்சதும் மறுபடியும் டாக்டரம்மா கிட்ட போவணும்.

நான் பொய் சொல்லல சார். ரெக்கார்ட எடுத்துப் பாருங்க. ரெண்டுதான்.

உடுங்க. உங்க லிஸ்ட்டுக்கு வருவோம். என் ஆளு ராக்கி மார்சியானோ. நாப்பத்தொம்போது சண்ட, நாப்பத்தொம்போதும் கெலிப்பு. அதுல நாப்பத்தி மூணு நாக் அவுட். தோல்வின்னு ஒரு கோடு கெடையாது. அதுக்கு மேல இன்னா சார் பேச்சு? ஆனா தனகோட்டி ஒத்துக்க மாட்டான். ஒர்க்‌ஷாப்ல லேத்து ஓட்டறவன், எஸ்.எஸ்.எல்.சி. பாஸு. மூர் மார்க்கெட்ல பழைய இங்கிலீஷ் பாக்ஸிங் புக்கா வாங்கியாந்து, டீக்கடையில குந்தி, எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லுவான். எனக்கு படம் பாக்கத்தான் தெரியும். உலகத்துல இருக்கற ஹெவிவெயிட்ட எல்லாம் எனக்குக் காட்டினவனே அவன்தான். 'உன் மார்சியானோ யார அடிச்சாரு? ஜோ லூயிஸ. அப்ப லூயிஸுக்கு வயசு முப்பத்தேழு. பெல்ட்ட உட்டுட்டுப் போன மனுசன், முடியாம திரும்பி வந்தாரு. அவரப் போட்டு எட்டாவது ரவுண்டுல சாச்சிட்டு, ரூமுக்குப் போயி உன் ஆளே அழுதாராம், படிச்சிருக்கேன்'ம்பான். நான் உடுவேனா? 'அழுதாரா இல்லியான்னு எவன் கேட்டான்? கெலிச்சாரா இல்லியா?'ம்பேன்.

'லூயிஸ் நல்ல வயசுல இருந்திருந்தா?'ம்பான். இந்த 'இருந்திருந்தா' இருக்குதே சார், அதான் வெனையே. அலியும் மார்சியானோவும் ஒரே காலத்துல இருந்திருந்தா? ஃப்ரேசியரோட எடது கை மார்சியானோ தாடையில எறங்கியிருந்தா? இருபது வருசம் முன்ன பின்ன பொறந்தவங்கள எப்புடி மோத உடறது? டீ ஆறிப் போவும், கடக்காரன் எழுப்பி உடுவான், பேச்சு முடியாது.

ஒரு நாளு நான்தான் சொன்னேன். 'பேசி இன்னாடா ஆவப்போவுது, வா, மோதிப் பாத்துரலாம்.'

நாங்க பிராக்டீஸ் பண்ற கொட்டாய் ஸ்கூலுக்குப் பின்னாடி. நாலு இரும்புக் கம்பம், ஹார்பர்லேருந்து வந்த பழைய கயிறு, தரையில மணலக் கொட்டி மேல தார்ப்பாய். மாஸ்டர் ஆறரைக்கு வருவாரு. நாங்க அஞ்சுக்கே போயிருவோம். தனகோட்டி கிளவுஸ மாட்டிகினே கேப்பான், 'இன்னிக்கி நான் யாருடா?'ன்னு. நான் சொல்லுவேன். லூயிஸ்னா லூயிஸ், அலின்னா அலி, லிஸ்டன்னா லிஸ்டன். நான் எப்பவும் மார்சியானோ.

அவன் ஆடறத நீங்க பாத்திருக்கணும் சார். புக்குல இருக்கற படத்த வெச்சிகினே கத்துக்கிட்டான். லூயிஸ்னா ரெண்டடி நகந்து, நின்னு, யோசிச்சு, டப்புனு ஒரு நேர் குத்து. ஃப்ரேசியர்னா ஊஞ்சல் மாதிரி குனிஞ்சு குனிஞ்சு வருவான். அலின்னா, தொண்ணூறு கிலோ ஆளு, காலு தரையிலயே பாவாது. அலிக்குக் கை ரெண்டும் எப்பவும் எறங்கித்தான இருக்கும்? இவனும் எறக்கித்தான் வெச்சிப்பான். 'கையத் தூக்கிக்கோடா'ன்னு எத்தினி தபா சொல்லியிருப்பேன்? 'அலி தூக்க மாட்டாரு'ம்பான். ஆட்டத்துல அவ்ளோ உண்ம. அது என் தப்பா?

எனக்கு அந்த ஆட்டமெல்லாம் வராது. உள்ள பூந்து அடிக்கத்தான் தெரியும். மார்சியானோ அப்புடித்தான.

தலைக்குக் கவசமா? இருந்துச்சு, மாஸ்டர் பீரோவுல. நாங்க போட மாட்டோம். லூயிஸ் போட்டாரா, மார்சியானோ போட்டாரா? போட்டா அது நெசமான மேட்ச் இல்லன்னு நாங்களே வெச்சிகினோம். இத்தினி ரவுண்டுன்னு அளவும் கெடையாது, பாய்ண்ட்டும் கெடையாது, ஒருத்தன் உழற வரைக்கும். யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாதில்ல? கிளவுஸுக்குள்ள நாரெல்லாம் கட்டி கட்டியா ஒதுங்கிப் போயி, வெரல் முட்டிக்கு மேல வெறும் தோலுதான் இருக்கும். உழுந்தா ஒரு சோடாவ ஒடச்சு மூஞ்சியில அடிப்பேன். கண்ணத் தொறந்து, 'எத்தினாவது ரவுண்டு?'ன்னு கேப்பான். சொல்லுவேன். 'பரவால்ல, லூயிஸ் நல்லாத்தான் ஆடியிருக்காரு'ம்பான். அப்பறம் வேலைக்குப் போயிருவான். ரெண்டு பேரும் எவ்ளோ சந்தோசமா இருந்தோம் தெரியுமா சார்? பொய் சொல்லக் கூடாது, என் ஆயுசுல அந்தக் காலைங்க மாதிரி வேற ஒண்ணும் இல்ல.

மாஸ்டர் கிட்ட சொல்லல. எப்புடிச் சொல்றது? நெனவு தப்பினா நோட்டுல எழுதணும். எழுதினா நாலு வாரம் ரிங்குக்குள்ள வரக் கூடாது. அடுத்த தபான்னா மூணு மாசம். மூணாவதுன்னா ஒரு வருசம். அவன் இல்லன்னா ஹெவிவெயிட்ல நான் ஒத்த ஆளு. ஒத்த ஆளுக்கு மெடலும் கெடையாது, சர்ட்டிபிகேட்டும் கெடையாது. ரெண்டு பேரு ரிங்குல ஏறினாத்தான் அது போட்டி. சர்ட்டிபிகேட் இல்லாம எனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேல எங்கேந்து வரும்? அவனுக்கு ஒர்க்‌ஷாப் வேல இருந்துச்சு, மெடல வெச்சு அவனுக்கு ஒண்ணும் ஆவ வேண்டியது இல்ல. எனக்காகத்தான் வருசா வருசம் எட மிஷின்ல ஏறினான். 'நான் வரலன்னா நீ யாரடா அடிப்ப?'ன்னு சிரிப்பான். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறச்சோம், ரெண்டு பேருமாத்தான். நான் மட்டும் இல்ல.

ஒரே ஒரு மேட்ச்சுக்கு மட்டும் ரிசல்ட் இல்ல சார். எம்பதாம் வருசம். அமெரிக்காவுல அலியும் லாரி ஹோம்ஸும் மோதினாங்களே, அது. ஹோம்ஸ் முன்ன அலிக்கு பிராக்டீஸ் குடுத்த ஆளு. அலிக்கு அப்ப முப்பத்தெட்டு வயசு, கை தூக்க முடியல. தனகோட்டி பேப்பரப் படிச்சுச் சொன்னான். ஹோம்ஸ் அடிக்கறாராம், அடிச்சுட்டு ரெஃபரியப் பாக்கறாராம், நிறுத்துங்கய்யான்னு. பத்து ரவுண்டோட முடிஞ்சப்பறம் கெலிச்சவரே அழுதாராம். அத்தப் படிச்சதுலேருந்து அவன் ஒரு மாதிரி ஆயிட்டான். மறுநாளு காலைல 'இன்னிக்கி நான் யாரு'ன்னு கேக்கல. 'இன்னிக்கி நான் ஹோம்ஸ், நீ அலி'ன்னான்.

சரின்னு கைய எறக்கினேன். அவன் எடது கை வந்துச்சு பாருங்க. என் தாடைக்கு ஒரு வெரல் தூரம் இருக்கச்சொல்ல நின்னுச்சு. காத்துதான் பட்டுது. மறுபடி வருது, நிக்குது. வலது வருது, நிக்குது. அவ்ளோ வேகம் அந்தக் கையில இருக்குதுன்னு அன்னிக்கித்தான் சார் எனக்குத் தெரியும். ரெண்டரை வருசமா தெனம் மோதறேன், அந்தக் கைய நான் பாத்ததே இல்ல. எனக்குக் கோவம் வந்துருச்சு. 'அடிடா, பொட்டமாரி ஆடற'ன்னேன். அவன் கயித்துமேல சாஞ்சு, அங்க யாருமே இல்ல சார், ரெஃபரி நிக்கற எடத்தப் பாத்துகினு நின்னான். கண்ணெல்லாம் தண்ணி. நான் கிளவுஸக் கழட்டி வீசிட்டு வந்துட்டேன். 'இனிமே ஹோம்ஸ் பேர எடுத்தா நான் வரமாட்டேன்'னுட்டேன்.

அதுக்கப்பறம் டீக்கடையில யாரு பெரிய ஹெவிவெயிட்டுன்னு கேட்டா, அவன் ஹோம்ஸுன்னுதான் சொல்லுவான். லூயிஸ உட்டான், அலிய உட்டான். ஹோம்ஸ எவனாவது மொத எடத்துல வெப்பானா சார்? உங்க லிஸ்ட்ல எத்தினாவது எடம்? ஆறா? பாத்தீங்களா. டைசன் வந்து அந்த ஹோம்ஸயே நாலு ரவுண்டுல சுருட்டினப்ப, நான் போயி கேலி பண்ணினேன். சிரிச்சான். 'கெலிக்கறது யாராலயும் முடியும்டா'ன்னான். தோத்துகினே இருக்கறவன் இப்புடித்தான் பேசுவான்னு நெனைச்சிகினேன்.

பயந்தாங்கொள்ளின்னு நெனைச்சேன் சார். நாப்பது வருசம் அப்புடியே நெனைச்சிகினு இருந்தேன்.

தண்ணி இருக்குதா? குடுங்க. அண்ணாந்து குடிச்சிக்கறேன்.

எம்பத்தி மூணு. அந்த வருசம் ஃபைனலுக்கு செலக்‌ஷன் ஆளுங்க வர்றாங்கன்னு சேதி. நல்லா ஆடினா வேல உறுதி. ஃபைனலுக்கு பன்னெண்டு நாளு முன்ன, காலைல, 'இன்னிக்கி நீ ஃபோர்மன்'னேன். ஃபோர்மன் மல மாதிரி ஆளு, ஃப்ரேசியரயே ரெண்டு ரவுண்டுல ஆறு தபா தள்ளினவரு. அவரச் சாச்சா மனசுக்கு ஒரு தெம்பு வரும்னு எனக்கு. மூணாவது ரவுண்டுல காதுக்கு மேல ஒண்ணு உட்டேன். நின்ன வாக்குல உழுந்தான், கைகூட ஊணல. சோடா அடிச்சேன், எழுந்திருக்கல. இன்னொரு சோடா. இல்ல. காதுலேருந்து தண்ணி மாதிரி ஏதோ வடிஞ்சுச்சு. மாஸ்டர் வர்ற நேரம் ஆயிருச்சு. நான் இன்னா பண்ணினேன் தெரியுமா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடல சார். தோள்ல சாச்சு இஸ்துகினு போயி ஸ்கூல் கக்கூஸுக்குப் பின்னாடி படுக்க வெச்சேன். மாஸ்டர் பாக்கக் கூடாதுன்னு. இருவது நிமிசம் கழிச்சு வாந்தி எடுத்தான், கண்ணத் தொறந்தான். 'எத்தினாவது ரவுண்டு?'ன்னு கேக்கவே இல்ல அன்னிக்கி. 'அம்மா கிட்ட சொல்லாத'ன்னான்.

நாலு நாளு வெளிச்சத்தப் பாக்க முடியல அவனால. வூட்ல மெட்ராஸ் ஐன்னு சொல்லி இருட்டுல படுத்திருந்தான். நான் போயி தலமாட்டுல குந்தி, 'ஃபைனலுக்கு வந்துரு தனகோட்டி. சும்மா ஏறி நில்லு. மெதுவாத்தான் அடிப்பேன்'னேன். வரேன்னான். வந்தான் சார். எட மிஷின்ல ஏறச்சொல்லவே தள்ளாடினான், நான் முதுகத் தாங்கினேன். ரிங்குல மணி அடிச்சாங்க. செலக்‌ஷன் ஆளுங்க மொத வரிசையில நாற்காலி போட்டுக் குந்தியிருந்தாங்க.

மெதுவா அடிக்கல.

ரெக்கார்டுல இருக்கற ரெண்டாவது அதுதான். அதோட அவன் ஆட்டத்த உட்டான். எனக்கு வேல கெடச்சுது. முப்பத்திரெண்டு வருசம் சர்வீஸு. பொறவு அவன் தல வலிக்குதும்பான், கண்ணாடிய மாத்துன்னுவேன். பேரு மறந்து போவுதும்பான், வயசாவுதில்லன்னுவேன். கை நடுங்குச்சு, டீய கொற, பீடிய கொறன்னேன். இன்னிக்கிக் காலைல டாக்டரம்மா கேட்டப்ப, என் வாயி தானா ரெண்டுன்னுச்சு. நான் யோசிக்கக்கூட இல்ல. ஏன்னா என் மனசுல அவன் உழுந்ததே ரெண்டு தபாதான் சார்! காலைல கொட்டாய்ல உழுந்ததெல்லாம் லூயிஸு. உழுந்ததெல்லாம் அலி. ஜோ லூயிஸ் அஞ்சு தபா உழுந்தாரு, ஒவ்வொண்ணும் எத்தினாவது ரவுண்டுன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். அலி நாலு. ஃப்ரேசியர் மூணு. லிஸ்டன் ரெண்டு. ஃபோர்மன் ஒண்ணு. யாரு கேட்டாலும் பெருமையாத்தான் சொல்லியிருப்பேன், மார்சியானோ இத்தினி பேரயும் சாச்சாருன்னு. ஒரு தபாகூட, தனகோட்டி உழுந்தான்னு நான் எனக்குள்ளகூட சொல்லிகினது இல்ல.

நான்தான பேரு வெச்சேன் ஒவ்வொரு நாளும்.

இப்பச் சொன்னா இன்னா ஆவும்? அம்சா என்ன அண்ணேன்னு கூப்புடுது. சும்மா வாய் வார்த்தைக்கு அண்ணன் இல்ல, ரேஷன் வாங்கறதுலேருந்து இந்த ஆஸ்பத்திரி வரைக்கும் எதுக்கும் என்னத்தான் கூப்புடும். அந்தப் பொண்ணு தமயந்தி பெரியப்பான்னு என் மடியில வளந்துது. ஊரு சாம்பியன்னு கூப்புடுது. சொல்லிட்டேன்னா, இது எல்லாம் போயிரும். சொல்லலன்னா அந்தப் பொண்ணு கண்ணாலம் போவும். கண்ணாலம் மட்டுமா? ஆயுசுக்கும் கண்ணாடி முன்னாடி நின்னு கை நடுங்குதான்னு பாத்துகினே இருக்கும். இல்லாத வியாதிக்கு.

அஞ்சுன்னு சொல்லிடலாமா சார்? அஞ்சு தபான்னு சொன்னா டாக்டரம்மாவுக்குப் போதும்ல? ஏதோ பிராக்டீஸ்ல ஒண்ணு ரெண்டு பட்டுச்சு, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சுன்னு? அஞ்சுக்கு எழுதிக் குடுக்க மாட்டாங்களா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க.

இருங்க, கதவு தொறக்குது. கூட்டியாறாங்க.

வாடா, வா வா. முடிஞ்சுதா? சத்தம் போட்டுச்சா மெஷினு? இவரு நம்ம சாரு, பாக்ஸிங் பாக்கறவரு. இன்னா அம்சா இது, காலரு உள்ள மடிஞ்சு கெடக்குது, பாக்கக் கூடாது? இரு, நான் சரி பண்றேன். இருடா.

ஏன்டா? ஏன்டா தலையப் பின்னால இழுக்கற? நான்டா. காலரத்தான்டா தொட வந்தேன். பக்தாடா நான். பாரு, கையில ஒண்ணும் இல்ல, பாரு. இந்தக் கையத் தூக்கிக்கடான்னு ஒன்னாண்ட எத்தினி தபா கெஞ்சியிருப்பேன், அப்பல்லாம் தூக்காம இப்ப எதுக்குடா தூக்கி மூஞ்சிய மறைக்கற? எறக்குடா. யாரும் அடிக்க மாட்டாங்க. கும்புடறேன்டா, எறக்கு.

இல்லம்மா, நான் ஒண்ணும் பண்ணல அம்சா. இப்ப ஒண்ணும் பண்ணல. அவனப் புடிச்சுக்கோ. அழுவறேனா? ஆமாம்மா, அழுவறேன். டாக்டர் கூப்ட்டாங்களா? வரேன். தமயந்திக்கு எந்த டெஸ்ட்டும் வேணாம். அந்தப் பொண்ணு ரத்தத்துல ஒண்ணும் இல்ல. அவன் ரத்தத்துலயும் ஒண்ணும் இல்ல. நான் காலைல தப்பாச் சொல்லிட்டேன். ரெண்டு இல்லம்மா.

பதினேழு. பதினேழும் நான்தான்.